உறவினர் வந்துபோன வாரத்துக்குப் பின் வரும் அயர்ச்சி: ஒரு மனநல மருத்துவரின் பதில்

எட்டு நாட்கள் உங்கள் வீட்டில் இரண்டு குடும்பத்து உறவினர்கள் தங்கியிருந்தார்கள், இடையிடையே நீங்களும் வேறு இரண்டு வீடுகளுக்குப் போய்வந்தீர்கள், சண்டையோ மனக்கசப்போ எதுவும் இல்லை, எல்லோரும் சிரித்த முகத்தோடு விடைபெற்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் போய் நான்கு நாட்கள் ஆகியும் இரவு ஒரு மணிக்கு முன் தூக்கம் வரவில்லை, அலுவலக வேலையில் மனம் ஒட்டவில்லை, பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறீர்கள், நேற்று மாமியார் அழைத்தபோது தொலைபேசியை எடுக்காமல் விட்டுவிட்டீர்கள். இது மனச்சோர்வு நோயின் தொடக்கமா, எத்தனை நாளில் பழைய நிலைக்குத் திரும்பலாம், இனி இப்படி எல்லோரும் ஒன்றாக வந்து தங்குவதைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்பவை நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட கேள்விகள். ஆனால் அவற்றுக்கு நடுவே, போகிறபோக்கில், "அவர்கள் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது" என்று ஒரு வரி வருகிறது. பாசம் இருந்தால் பிரிவில் நிம்மதி வருமா என்பதுதான் உங்களை உண்மையில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

நான் மனநல மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிநோயாளிகளைப் பார்த்து வருகிறேன். எழுத்தில் வந்த ஒரு கேள்வியை வைத்து ஒருவருக்கு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. கீழே எழுதுவதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள். நீங்கள் விவரித்தபடியே எல்லாம் இருக்குமானால், நான்காம் நாளில் உங்கள் நிலை இப்படி இருப்பதில் எனக்கு வியப்பில்லை. நீண்ட விடுமுறையும் குடும்ப நிகழ்ச்சிகளும் முடிந்த அடுத்த வாரத்தில் என்னிடம் வருபவர்களில் சிலர் ஏறத்தாழ இதே சொற்களைச் சொல்வார்கள். ஏதோ தவறு செய்துவிட்டவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள்.

முதலில் அந்த அப்பாடாவைப் பார்த்துவிடலாம். மகிழ்ச்சியும் களைப்பும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அதனால், இவ்வளவு களைத்துப் போனோம் என்றால் அந்த மகிழ்ச்சி பொய்யாகத்தான் இருந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். நடைமுறையில் இரண்டும் தனித்தனிக் கணக்குகள். பின்லாந்தில் 48 பல்கலைக்கழக மாணவர்களிடம், 12 நாட்களுக்கு, நாளொன்றுக்கு ஐந்து முறை கைபேசி வழியாகக் கேள்வி கேட்டு நடத்திய ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. ஒருவர் கலகலப்பாகப் பேசிப் பழகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவருடைய மனநிலை நன்றாகவே இருந்தது, களைப்பும் குறைவாகவே தெரிந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து அவரே கூடுதலாகக் களைத்திருந்தார். இயல்பிலேயே கூச்சமுள்ளவர், இயல்பிலேயே பேச்சில் விருப்பமுள்ளவர் என்ற வேறுபாடு இல்லாமல் இரு சாராருக்கும் இது பொருந்தியது. ஆகவே "நான் தனிமை விரும்பி, அதனால்தான் எனக்கு இப்படி" என்று நீங்கள் உங்களுக்கே கொடுத்துக்கொண்ட விளக்கம் தேவையில்லாமல் இருக்கலாம். ஆய்வு சிறியது என்பதையும், அது மூன்று மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர எட்டு நாட்களைப் பற்றி அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை எட்டு நாட்களுக்கு நீட்டிப் பார்ப்பது, பலரைப் பார்த்த பழக்கத்தில் நான் செய்யும் ஊகம்.

அந்த நிம்மதி எதிலிருந்து கிடைத்தது என்றும் யோசித்துப் பாருங்கள். விருந்தினர் தங்கியிருக்கும் வீட்டில் வீட்டுக்காரரின் காது முழுதாகத் தூங்குவதில்லை. யார் எழுந்துவிட்டார்கள், குளியலறை காலியாக இருக்கிறதா, பெரியவர் மாத்திரை போட்டுக்கொண்டாரா, குழந்தைகள் அந்த அறையில் ஏன் இத்தனை அமைதியாக இருக்கிறார்கள், இவர் சொன்ன சொல் அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்குமோ என்று மனத்தின் ஒரு பகுதி ஓயாமல் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் காவல் முடிந்த கணத்தில் உடல் விட்ட மூச்சு அது. சுமையை இறக்கிவைத்தவர் தோளைத் தேய்த்துக்கொள்கிறார் என்பதற்காக, அவர் சுமந்து வந்தது அவருக்கு வேண்டாத பொருள் என்று ஆகிவிடாது.

"எட்டு நாள் விடுப்பு எடுத்துவிட்டு வந்துமா களைப்பு" என்று மேலாளர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். விடுப்பும் ஓய்வும் ஒன்று என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. பணியிலிருந்து மீள்வதைப் பற்றி ஆராய்ந்த சபீன் சொன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2007-இல், மனிதர் உண்மையில் இளைப்பாறும் வழிகளை நான்காகப் பிரித்து அளக்க ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். வேலை நினைப்பிலிருந்து மனம் விலகியிருப்பது, உடலும் உள்ளமும் தளர்ந்திருப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பது என்பவையே அந்த நான்கு. உங்கள் எட்டு நாட்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், அலுவலக நினைப்பு விலகியிருந்தது என்ற ஒன்று மட்டும் தேறும். உங்கள் நேரம் உங்கள் கையில் ஒரு மணி நேரம்கூட இருந்ததாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. நல்ல ஓய்வாக அமைந்த விடுமுறையின் பயனே நெடுநாள் நிற்பதில்லை என்பது வேறு செய்தி. நெதர்லாந்தில் 54 ஊழியர்களை, சராசரியாக 23 நாள் நீண்ட விடுமுறை நெடுகிலும் பின்தொடர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய நலவுணர்வு எட்டாம் நாளில் உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. அப்படி இருக்க, ஓய்வாக அமையாத ஒரு வாரத்திலிருந்து புத்துணர்ச்சியோடு திரும்பி வரவேண்டும் என்று உங்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதை மேலாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில் பலர் ஒரு விளக்கத்தை நம்பிக்கையோடு சொல்வார்கள்: மனவலிமை ஒரு தொட்டியில் இருக்கும் நீர் போன்றது, எட்டு நாள் முகம் கோணாமல் இருந்ததில் அது வற்றிவிட்டது, அதனால்தான் இப்போது கோபத்தை அடக்க முடியவில்லை என்று. கேட்கப் பொருத்தமாக இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் நோயாளிகளிடம் சொன்னதுண்டு. 1998-இல் வந்த சோதனை ஒன்றிலிருந்து பரவிய இந்தக் கருத்தை, 2016-இல் 23 ஆய்வகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து மீண்டும் சோதித்தபோது, சொல்லத்தக்க விளைவு எதுவும் தென்படவில்லை. ஆகவே அந்த உவமையை இப்போது நான் பயன்படுத்துவதில்லை. உங்கள் கோபத்துக்கு இதைவிட எளிய, உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது: நீங்கள் சரியாகத் தூங்கவில்லை.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் கைக்கு எட்டும் பிடி இது ஒன்றுதான். விருந்தினர் இருந்தபோது பேச்சு நீண்டு, பத்தரைக்குப் படுப்பவர் ஒரு மணிக்குப் படுக்கப் பழகிவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு இன்னும் பள்ளி திறக்கவில்லை, வேலையும் வீட்டிலிருந்தே என்பதால் காலை எட்டரை வரை தூங்கி அதை ஈடுகட்டுகிறீர்கள். மனித உடலுக்குள் இருக்கும் கடிகாரம், வெளி அடையாளங்கள் எதுவும் இல்லாத ஆய்வகச் சூழலில், சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சுமார் பத்து நிமிடம் கூடுதலான சுற்றில் ஓடுகிறது என்பது 1999-இல் கவனமாக அளந்து காட்டப்பட்டது. அதனால் பெரும்பாலோருக்குத் தூக்க நேரம் பின்னால் நழுவுவது எளிது. முன்னால் இழுப்பது கடினம். கண்விழித்திருந்த ஒவ்வோர் இரவும் உங்களைத் தானாகவே தள்ளிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் முன்னேறினாலே அது நல்ல வேகம். இரண்டரை மணி நேரத்தைக் கடக்க மூன்று நாட்கள் வேண்டும், சிலருக்கு ஐந்தும் ஆகலாம். நீங்கள் அந்தப் பயணத்தை இன்னும் தொடங்கவே இல்லை என்பதுதான் சிக்கல். எட்டரை மணிக்கு எழும்வரை கடிகாரம் புதிய நேரத்திலேயே நிலைத்திருக்கும்.

திருத்தத்தைப் படுக்கும் நேரத்தில் தொடங்காதீர்கள். தூக்கம் வராமல் பத்து மணிக்கே படுத்துப் புரண்டால், படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொண்டுவிடும். ஒரு வாரச் சிக்கலை ஆறு மாதச் சிக்கலாக ஆக்கிக்கொள்ளும் வழி அது. எழும் நேரத்தைப் பிடியுங்கள். நாளை ஆறரைக்கு எழுந்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது வெளி வெளிச்சத்தில் இருங்கள். காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும், இரவு வெளிச்சம் பின்னால் தள்ளும். முதல் இரண்டு நாட்கள் பகல் முழுவதும் கண் சொக்கும். விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத் தூக்க அழுத்தம் ஏறும் என்பது தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் தூக்கத்தை விளக்க வகுத்த மாதிரியின் ஒரு பாதி. பகலில் இரண்டு மணி நேரம் படுத்தால் அந்த அழுத்தத்தை அங்கேயே செலவழித்துவிடுவீர்கள். தாங்க முடியாவிட்டால் மதியம் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் கண்ணயரலாம். காபி, தேநீரில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். மதியத்துக்குப் பிறகு வேண்டாம். வார இறுதியில் "இன்று மட்டும்" என்று எட்டரை வரை படுத்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நான் நேரில் பார்ப்பவர்களிடம் மனநிலையைக் கேட்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்பேன், உங்களிடமும் கேட்கிறேன். நீங்கள் தொடர்ந்து ஏதாவது மாத்திரை சாப்பிடுபவரா, அந்த எட்டு நாட்களில் அது விட்டுப்போனதா? வேலை நெருக்கடியில் மறப்பவர்கள் உண்டு. உறவினர் பார்த்துவிடுவார்களே என்று மாத்திரை அட்டையை ஒளித்து வைத்துவிட்டு, எடுத்துச் சாப்பிடத் தனிமை கிடைக்காமலே விட்டவர்கள் நான் பார்த்தவரையில் அதைவிட அதிகம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களுக்குள் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, குமட்டல் வரக்கூடும். அது பார்ப்பதற்கு நீங்கள் விவரித்த நிலையைப் போலவே இருக்கும். அப்படி விட்டிருந்தால் ஈடுகட்டுவதற்காக இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உடல்வலியும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது மனம் சார்ந்ததே அல்லாமல் இருக்கலாம். ஃபுளூ தொற்றிய ஒன்று முதல் நான்கு நாட்களில் வெளிப்படும், பல வீட்டார் கூடிக் கலைந்த பின் அது வருவது இயல்பு.

அவர்கள் போன அன்று இரவே வீடு முழுவதையும் ஒழுங்குபடுத்தி, துணிகளை ஊறவைத்து, மறுநாள் காலையிலேயே தேங்கிக் கிடந்த மின்னஞ்சல் அனைத்துக்கும் பதில் எழுத உட்கார்ந்ததாகச் சொல்கிறீர்கள். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதை ஆதரிக்க மாட்டேன். வீடு ஒரு வாரத்தில் கலைந்தது. அது திரும்ப ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. படுக்கும் இடமும் வேலை பார்க்கும் மேசையும் முதலில் சரியாகட்டும், மற்ற அறைகள் காத்திருக்கட்டும். அலுவலக வேலையில் மனம் ஒட்டாததற்கு ஒரு பங்கு காரணம், முடியாத வேலைகள் மனத்தை அடிக்கடி வந்து தட்டுவது. அவற்றை முடித்தால்தான் தட்டுவது நிற்கும் என்று நினைக்க வேண்டாம். எதை, எப்போது, எங்கே தொடங்கிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவு செய்துவிட்டாலே அந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது என்று 2011-இல் வெளியான சோதனைகள் காட்டின. "கணக்கு வேலை" என்று எழுதி வைத்தால் பயனில்லை. "வியாழன் காலை பத்து மணிக்கு, முதல் இரண்டு பக்கம்" என்று எழுதினால் மனம் அதை ஒப்படைத்த கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

உடற்பயிற்சிப் பழக்கம் போய்விட்டது, இனி முதலிலிருந்து 21 நாள் செய்ய வேண்டுமே என்று அலுத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த 21 நாள் கணக்குக்கு ஆதாரமில்லை. லண்டனில் நடந்து 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நிகழும் அளவுக்குப் படிய 18 முதல் 254 நாட்கள் வரை ஆனது, இடைநிலை அளவு 66 நாள்; நடுவில் ஒரு நாள் தவறியது குறிப்பிடத்தக்க பாதிப்பை ஏற்படுத்தவில்லை. ஒரு நாளுக்குச் சொன்னது எட்டு நாளுக்கும் அப்படியே பொருந்தும் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆனால் இரண்டு ஆண்டாக நீங்கள் நடந்துவந்த வழி எட்டு நாளில் புல் மூடிப் போகாது. பழைய நேரத்தில், பழைய இடத்தில், பாதி அளவுக்குத் தொடங்குங்கள்.

பிள்ளைகள் விஷயத்தை நீங்கள் பெரிதுபடுத்திக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவர்களும் உங்களோடு எட்டு நாள் தாமதமாகத் தூங்கியவர்கள், விளையாட்டுத் துணையை ஒரே நாளில் இழந்தவர்கள். தூங்காத பெரியவரும் தூங்காத சிறியவர்களும் ஒரே வீட்டில் இருந்தால் உரசல் வரத்தான் செய்யும். அவர்களுடைய படுக்கை நேரத்தையும் உங்களோடு சேர்த்தே முன்னால் நகர்த்துங்கள்; கத்திவிட்டால், நான் களைப்பில் கத்திவிட்டேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இது மனச்சோர்வு நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருக்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் வரையறை. நான்கு நாள் அந்த அளவைத் தொடவில்லை. நேற்று மாலை தோழியோடு பேசியபோது சிரித்ததாக நீங்களே எழுதியிருப்பதும் எனக்கு நல்ல அறிகுறியாகவே படுகிறது. எழும் நேரத்தைப் பிடித்த பிறகு ஒரு வாரத்துக்குள் தெளிவான முன்னேற்றம் தெரியும் என்று எதிர்பார்க்கிறேன். இரண்டு வாரம் கடந்தும் இதே நிலை என்றாலோ, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்கவில்லை என்றாலோ ஒரு மருத்துவரைப் பாருங்கள். அவர் தைராய்டையும் இரத்தச்சோகையையும் சேர்த்துச் சோதிப்பார். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே போங்கள். அந்த வாரத்தில் யாராவது சொன்ன சொல்லோ, கிளறிவிட்ட பழைய சம்பவமோ திரும்பத் திரும்ப நினைவில் வந்தால், இந்தப் பதில் அதற்குப் போதாது. அது தனியாக, நேரில் பேச வேண்டியது.

இனி வருகைகளைக் குறைக்கலாமா என்று கேட்டீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரையில் நாட்களின் எண்ணிக்கையைவிட, நாளுக்கு ஒரு மணி நேரமாவது உங்களுக்கென்று இருந்ததா என்பது கூடுதலாகக் கணக்கில் வருகிறது. இது ஆய்வு முடிவன்று, என் கருத்து. அடுத்த முறை முதல் நாளிலேயே, "மாலையில் ஒரு மணி நேரம் நான் நடக்கப் போவேன்" என்று இயல்பாகச் சொல்லிவிடுங்கள். முதல் நாளில் சொன்னால் அது வழக்கம், ஐந்தாம் நாளில் சொன்னால் அது கோபமாகத் தெரியும். அவர்கள் என்று புறப்படுவார்கள் என்பது, அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே பேசி முடிவாகியிருக்கட்டும். விடுப்பின் கடைசி நாளை அவர்கள் போன பிறகு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்த எட்டு நாளில் வீட்டில் யார் எத்தனை மணிக்குப் படுத்தார்கள், யார் கடைசியில் விளக்கை அணைத்தார்கள் என்று நீங்களும் உங்கள் துணைவரும் உட்கார்ந்து ஒருமுறை பேசுவது நல்லது. நீங்கள் எழுதியதில் "நான்" என்ற சொல் வரும் இடங்களைப் பார்த்தால் சுமை சமமாகப் பிரிந்ததாகத் தெரியவில்லை.

மாமியாருக்கு என்ன சொல்வது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். எடுக்காமல் விட்ட அழைப்பு நாளுக்கு நாள் கனமாகும்; இன்றே அழையுங்கள், பகலில், உங்களுக்கு வேறு வேலை காத்திருக்கும் நேரமாகப் பார்த்து. எங்கே போயிருந்தேன், ஏன் எடுக்கவில்லை என்று கதை கட்ட வேண்டாம். "நேற்று அசதியில் எடுக்க முடியவில்லை அத்தை, நீங்கள் இருந்தபோது பிள்ளைகள் இரவில் உங்களிடம் கதை கேட்டுத் தூங்கினார்கள், இப்போது என்னையும் சொல்லச் சொல்கிறார்கள்" என்பது போல, அந்த வாரத்தில் உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பேசினால் போதும். அவரும் ஊர் போய்ச் சேர்ந்த அலுப்பில்தான் இருப்பார்.